128 கட்டத்துக்குள் ஒரு முந்தி

(மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)

"எந்நேரமும் கட்டையை அடுக்கிக்கிட்டே இருக்கான், இவன் டிப்ளமோ முடிச்சு என்னத்தச் செய்யப் போறான்?" மைன்கிராஃப்ட் விளையாடுகிற எல்லோருடைய வீட்டிலும் தினமும் நடக்கும் அர்ச்சனை இது. ஹாஸ்டல் நண்பர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்கு வார்டன் இருக்கிறார்! ஆனால் அந்தக் கட்டை அடுக்கும் விளையாட்டுதான் என்னை எமனேஸ்வரத்தில் பெரியப்பா வீட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டது. எப்படி என்பதைத்தான் எழுத வந்தேன்.

விளையாடாத நண்பர்களுக்காக முதலில் நாலு வரி. சுவீடன்காரர் மார்கஸ் பெர்சன் 2009-இல் வெளியிட்ட விளையாட்டு இது. முழுப் பதிப்பு 2011-இல் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 250 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. மண், கல், மரம், தண்ணீர் எல்லாமே சதுரக் கட்டைகள். வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். ஜெயிப்பது தோற்பது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பொழுதுபோக்கென்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் அரசு நில அளவைத் துறை 2013-இல் தங்கள் நாட்டையே 2200 கோடி கட்டைகளில் இந்த விளையாட்டுக்குள் வார்த்தது. அடுத்த வருடம் டென்மார்க் தன் முழு நாட்டையும் ஒன்றுக்கு ஒன்று அளவிலேயே கட்டிவிட்டது.

இந்த விளையாட்டில் வரைபடம் என்றொரு பொருள் உண்டு. எட்டுக் காகிதமும் ஒரு திசைகாட்டியும் சேர்த்தால் வெற்று வரைபடம் கிடைக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், நாம் பார்க்கும் நிலம் தானாகவே அதில் நிரம்பிக்கொண்டு வரும். முடிந்ததும் சட்டத்தில் மாட்டிச் சுவரில் தொங்கவிடலாம். ஒரு வரைபடம் 128-க்கு 128 புள்ளிகள். மொத்தம் 16,384.

எனக்கு உறுத்தியது இந்த எண்ணிக்கைதான். சுவரில் தொங்குவது நிலத்தின் படமாகத்தான் இருக்க வேண்டுமா? 16,384 புள்ளிகளையும் நாமே நிரப்பினால் அது காந்தி படமாகவும் இருக்கலாம், கமல் படமாகவும் இருக்கலாம் (நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே!). இந்த யோசனை எனக்கு முன்பே உலகத்தில் பல பேருக்கு வந்திருக்கிறது. படத்தைக் கொடுத்தால் எந்தக் கட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அடுத்தவன் செய்த கருவியை ஓட்டுவதற்கா நாம் கணினிப் பொறியியல் படிக்கிறோம்? அக்காவுக்கு ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. அதை எடுத்துவைத்துக்கொண்டு பைத்தானில் எழுத ஆரம்பித்தேன்.

நான் ஓட்டிய பதிப்பில் ஒவ்வொரு வரைபடமும் ஒரு தனிக் கோப்பு. உலகத்தின் பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்றொரு ஃபோல்டர், அதற்குள் வரிசை எண் போட்ட கோப்புகள். ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் நடுநாயகமாக 16,384 பைட் வரிசை. ஒரு பைட்டுக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு நிற எண். அடிப்படை நிறங்கள் 61. ஒவ்வொன்றுக்கும் நாலு சாயல்: 255-இல் 180 பங்கு வெளிச்சம், 220 பங்கு, முழு வெளிச்சம், 135 பங்கு. அடிப்படை எண்ணை நாலால் பெருக்கிச் சாயல் எண்ணைக் கூட்டினால் நிற எண் வந்துவிடும். உதாரணமாக 40-ஆம் நிறம், முழு வெளிச்சம் என்றால் 40 பெருக்கல் 4, கூட்டல் 2, ஆக 162. ஜாவாவில் பைட்டுக்குக் குறி உண்டு என்பதால் அதை மைனஸ் 94 என்றுதான் எழுத வேண்டும். முதலாண்டில் இரண்டின் நிரப்பி என்று படித்தோமே, பரீட்சையைத் தவிர எங்கே பயன்படப்போகிறது என்று கேட்டோமே, இதோ!

61-ஐ நாலால் பெருக்கினால் 244 நிறம். அதில் ஒரு வேடிக்கை. நேர்மையாகக் கட்டை அடுக்கி விளையாடுகிறவனுக்கு மூன்று சாயல்தான் கிடைக்கும். ஒரு கட்டை தனக்கு வடக்கே இருக்கும் கட்டையைவிட உயரமாக இருந்தால் வரைபடத்தில் வெளிர்ந்து தெரியும், தாழ்வாக இருந்தால் கறுத்துத் தெரியும், சமமாக இருந்தால் நடுத்தரம். நாலாவது சாயல், இருப்பதிலேயே இருட்டானது, அப்படிக் கிடைக்காது. கோப்பிலேயே நேரடியாக எழுதுகிற நமக்கு மட்டும்தான் அது உண்டு. இன்னொரு சங்கதியும் கவனிக்க வேண்டும். 'பூட்டப்பட்டது' என்ற குறியைக் கோப்பில் 1 ஆக்க வேண்டும். ஆக்காவிட்டால் அந்தப் பக்கமாக வரைபடத்தோடு யாராவது நடக்கும்போது விளையாட்டு தன் நிலத்தை மேலே வரைந்து நம் படத்தை அழித்துவிடும்.

முதல் சோதனைக்குப் பழைய பாம்பன் பாலத்தின் போட்டோவைக் கொடுத்தேன். 1914-இல் திறந்த பாலம். பக்கத்திலேயே புதியது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. தூக்குப் பாலத்தின் இரும்பு அருமையாக வந்தது. வானம்தான் பட்டை பட்டையாகக் கிழிந்த வேட்டி மாதிரி தெரிந்தது. மெல்ல மெல்ல மாறும் நீலத்துக்கு 244 நிறம் போதாது. இதற்கு 1976-இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் எழுதிவைத்த வைத்தியம் இருக்கிறது. ஒரு புள்ளிக்கு அசல் நிறம் கிடைக்காமல் கிட்டத்தட்ட ஒன்றை வைக்கிறோம் அல்லவா? அந்த வித்தியாசத்தைத் தூக்கி எறியாமல் அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவது. வலப்பக்கத்துக்குப் பதினாறில் ஏழு பங்கு, கீழே இடப்பக்கம் மூன்று, நேர் கீழே ஐந்து, கீழே வலப்பக்கம் ஒன்று. இப்படிச் செய்ததும் வானம் வானமாயிற்று.

வேகம்தான் பிரச்சினை. 16,384 புள்ளி ஒவ்வொன்றையும் 244 நிறத்தோடு ஒப்பிட்டால் ஒரு வரைபடத்துக்கே சுமார் 40 லட்சம் ஒப்பீடு. அந்த லேப்டாப் மூச்சு வாங்கியது, நான் போய் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 32 படிகளாகக் குறைத்து, 32,768 கலவைகளுக்கும் கிட்டத்து நிறம் எது என்று முன்கூட்டியே ஒரு அட்டவணை போட்டுவைத்தேன். அதன்பின் ஒப்பீடே இல்லை, அட்டவணையைப் பார்த்து எழுதுவதுதான் வேலை.

இதுவரை நடந்தது விளையாட்டு.

பெரியப்பா சேலைக்கு டிசைன் போடுகிறவர். பரமக்குடியிலும், வைகைக்கு அங்கிட்டு எமனேஸ்வரத்திலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கரையிலும் முந்தியிலும் வருகிற அன்னமும் மயிலும் மாங்காயும் முதலில் கிராஃப் தாளில்தான் பிறக்கும். கட்டத்தில் புள்ளி வைத்தால் அந்த இடத்தில் பாவு இழை தூக்கும், வைக்காவிட்டால் தூக்காது. தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். ஒரு வரிக்கு ஒரு அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டிவிட்டால், மிதிக்க மிதிக்க அட்டை ஒவ்வொன்றாக நகர்ந்து டிசைன் விழும். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு இதை 1804-இல் கொண்டுவந்தார். அவருடைய உருவப்படத்தையே 1839-இல் 24,000 அட்டை கோத்துப் பட்டில் நெய்தார்கள். அதில் ஒன்றைச் சார்லஸ் பாபேஜ் தன் வீட்டில் மாட்டிவைத்திருந்தார். கணிப்பொறியின் தந்தை என்று நாம் ஒரு மார்க் கேள்விக்கு எழுதுகிறோமே, அவரேதான். தன் இயந்திரத்துக்கு அட்டை முறையை அவர் எடுத்தது தறியிலிருந்துதான். ஆகவே நண்பர்களே, நம் பிரிவுக்கு மூதாதை தறிக்காரர் என்றால் மிகையாகாது.

ஒருநாள் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது திரையில் பாம்பன் பாலத்தைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னடா, கிராஃப் போட்டிருக்க?" என்றார். கிராஃப் இல்லை, விளையாட்டு என்றேன். வானத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். நீலமும் வெளிர்நீலமும் சாம்பலும் ஒன்றுவிட்டு ஒன்று சிதறிக் கிடந்தன. "இது மயில்கழுத்துல்ல" என்றார் உடனே. "பாவு நீலம் விட்டு ஊடை பச்சை ஓட்டுனா, ரெண்டும் இல்லாம மூணாவதா ஒரு கலரு தெரியும்ல? அதே சோலிதான்." ஃபிளாய்டுக்கும் ஸ்டைன்பெர்க்குக்கும் நான் எடுத்த இரண்டு வாரம் அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை!

அதற்கப்புறம்தான் பரண் ஏறினேன். டிரங்குப் பெட்டி நிறைய கிராஃப் தாள்கள். எண்ணிப் பார்த்தால் 137. முப்பது முப்பத்தைந்து வருஷத்து வேலை. இப்போதெல்லாம் டிசைன் கம்ப்யூட்டரில் போட்டு வந்துவிடுகிறது. பெரியப்பாவிடம் புதிதாகக் கேட்டு வருகிறவர்கள் அநேகமாக இல்லை. பழைய அட்டைகளெல்லாம் என்றைக்கோ அடுப்புக்குப் போய்விட்டன. மிச்சம் இந்தத் தாள்கள்தான். அதிலும் அடியில் இருந்தவற்றைச் செல் அரித்திருந்தது. சில தாள்களில் அன்னம் இருக்கிறது, அன்னத்தின் தலை இல்லை.

முதலில் போட்டோ எடுத்து அப்படியே கருவியில் கொடுத்தேன். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பூவுல சொறி வந்த மாதிரி இருக்கே" என்றார். நியாயம்தான். பங்கு பிரிக்கும் வைத்தியம் வானத்துக்குச் சரி. கட்டத்துக்குக் கட்டம் முடிவு எடுத்து வைத்த டிசைனுக்கு அது விஷம். தவிரவும் போட்டோ என்பது தாளின் படமே ஒழிய டிசைன் அல்ல. டிசைன் என்றால் எந்தக் கட்டத்தில் புள்ளி இருக்கிறது, எதில் இல்லை என்ற விவரம்.

ஆகவே கருவிக்கு இன்னொரு பாதி எழுத வேண்டியதாயிற்று. தாளின் நாலு மூலையைச் சொன்னால், கோணலாக எடுத்த போட்டோவை நேராக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்து, மை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும். பழுப்பேறிய தாளில் ஒரு மூலை இருட்டாக இருக்கும், இன்னொரு மூலை வெளுத்திருக்கும். அதனால் முழுத் தாளுக்கும் ஒரே அளவுகோல் வைக்காமல் அந்தந்தக் கட்டத்தை அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட வைத்தேன். தாளே இல்லாத இடத்துக்கு மூன்றாவதாக ஒரு விடை: 'தெரியாது'. கருவிக்கு 'முந்தி' என்று பெயர் வைத்தேன்.

கணக்கைப் பாருங்கள். 240 கொக்கி ஜக்கார்டு என்றால் ஒரு அட்டையில் 240 இடம், அதாவது 30 பைட். 320 அட்டை கோத்த ஒரு டிசைன் 9,600 பைட். 137 தாளும் அதே அளவு என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 13 லட்சத்துச் சொச்சம் பைட்தான். ஒரு மனுஷனின் அத்தனை வருஷத்து வேலையும் செல்போனில் எடுக்கும் ஒரு கல்யாண போட்டோவைவிடச் சின்னது.

இதை விளையாட்டுக்குள் மாட்டும்போது ஒரு சிக்கல். கிராஃப் கட்டம் சதுரமாக இருந்தாலும் துணியில் அது சதுரம் இல்லை. அங்குலத்துக்குப் பாவு 80 இழை, ஊடை 64 இழை என்றால் 240 கட்ட அகலம் துணியில் மூன்று அங்குலம், 320 வரி உயரம் ஐந்து அங்குலம். தாளில் உள்ளபடியே மாட்டினால் மயில் நசுங்கிப்போய் வாத்து மாதிரி நிற்கும். அதனால் நாலு வரியை ஐந்தாக்கி, 320-ஐ 400-ஆக நீட்டினேன். அகலத்தில் இரண்டு வரைபடம், உயரத்தில் நாலு, ஆக ஒரு டிசைனுக்கு எட்டுச் சட்டம். "நாலு வரிக்கு ஒருக்கா ஒரு வரி ரெட்டையா விழுதே?" என்று பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். பார்வைக்கு மட்டும்தான் இப்படி, அட்டைக்கான கணக்குத் தனிக் கோப்பில் கட்டம் பிசகாமல் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் விட்டார்.

நிறத்திலும் ஒரு அதிசயம். ஜரிகைக்கு, விளையாட்டில் தங்கம் என்று பேர் வைத்த நிறத்தைத்தானே யாரும் எடுப்பார்கள்? அதன் கணக்கு 250, 238, 77. பார்த்தால் எலுமிச்சம்பழம்! மஞ்சள் பூசிய சுட்டமண்ணின் நிறம், 186, 133, 36, அதுதான் அசல் ஜரிகையாக ஜொலித்தது. அரக்குக்கு 2020-ஆம் வருடத்துப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த நரக உலகத்துக் காளானின் இழை: 92, 25, 29. நரகத்திலிருந்து வந்த நிறம் கல்யாணச் சேலைக்குப் பொருந்திவிட்டது. பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பென்சில் கட்டத்தைப் பார்த்து வேலை செய்ய முடிவதில்லை. ஆனால் டி.வி.யில் லேப்டாப்பைச் சொருகி, விளையாட்டுக்குள் நான் கட்டிய நீண்ட கூடத்தில் டிசைன்களை ஆளுயரத்துக்கு மேல் தொங்கவிட்டதும் அவருக்கு எல்லாம் தெரிந்தது. 'தெரியாது' என்ற கட்டங்களுக்கு மட்டும் கண்ணைக் குத்தும் ரோஸ் நிறம் கொடுத்திருந்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். "அலகுக்குக் கீழ ரெண்டாவது வரி. ஏழு விட்டு மூணு அடி. அடுத்த வரி ஆறு விட்டு... இரு, இரு. அங்கன ஒன்னு எடு. இல்லாட்டி பின்னாடி இழை நீளமாத் தொங்கும், கொலுசுல மாட்டும்." பாதி டிசைன் இருந்தால் மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக நானே போட்டுவிடலாம். பல தாளுக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் இரண்டு பக்கமும் அரித்துப்போன அன்னத்தின் தலை இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்துக்கு 71 வயது. அதனால் எந்தத் தாள் முதலில் என்ற வரிசையை மாற்றினேன். நன்றாக இருப்பவை பிறகு, செல் அரித்தவை முதலில்.

இருபது தாள் முடிந்ததும், இந்தக் கூடத்தை இணையத்தில் எல்லோரும் வந்து பார்க்கும்படி திறந்துவிடலாமே என்று ஆசையாகச் சொன்னேன். 2020-இல் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான ஓர் அமைப்பு, தடை செய்யப்பட்ட கட்டுரைகளை இதே விளையாட்டுக்குள் நூலகமாகக் கட்டித் திறந்துவைத்த கதையையும் சொன்னேன். பெரியப்பா முகம் மாறிவிட்டது.

"திறந்துவிட்டா அடுத்த வாரமே பவர்லூம்ல ஓடும்டா. நாங்க ஒரு கரை போட்டுட்டு தீபாவளி வரைக்கும் மறைச்சு வச்சிருப்போம். நீ பாட்டுக்கு ஊருக்கே காட்டுறேங்குற."

பாதுகாக்கச் சட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. 2000-ஆம் வருடத்து டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் பத்து வருடம், மேற்கொண்டு ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆனால் புதிய டிசைனுக்குத்தான் பதிவு. ஏற்கனவே சேலையாகி விற்றுப்போனதற்குக் கிடையாது. அப்படியானால் மறைத்து வைத்தால் செல் அரிக்கிறது, திறந்து வைத்தால் ஊரான் அடிக்கிறான். எனக்கு எதிர்வாதம் தோன்றாமல் இல்லை. இனி யாரும் நெய்யப்போவதில்லை என்ற டிசைனை யார் அடித்தால் என்ன? வாய்வரை வந்தது. அந்த மனுஷனைப் பார்த்து 'இனி யாரும் நெய்யப்போவதில்லை' என்று எப்படிச் சொல்வது?

மூன்று நாள் அவர் வரவில்லை. நாலாம் நாள் அவரே வந்து, எல்லாத் தாளையும் தரையில் பரப்பி மூன்று கட்டாகப் பிரித்தார். ஒரு கட்டு, கோபுரமும் ருத்ராட்சமும் சின்னப் புட்டாக்களும்: "இது எல்லாப் பயலும் போட்டதுதான், காட்டிக்க." இரண்டாவது கட்டு அவரே யோசித்துப் போட்டவை, 44 தாள்: "இது வீட்டுக்குள்ள." அதனால் கூடத்தை இரண்டாக்கி, இரண்டாவது உலகத்தை எந்தச் சர்வரிலும் ஏற்றாமல் பென் டிரைவில் வைத்திருக்கிறோம். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். யாருக்காவது நெய்ய வேண்டுமென்றால் அவரிடம் வந்து கேட்கட்டும், அட்டை அடிக்கும் கணக்கை முந்தி அச்சுப்போட்டுக் கொடுக்கும். சமீபத்தில் ஒருவர் வந்து கேட்டுவிட்டும் போயிருக்கிறார்.

மூன்றாவது கட்டில் ஒரே ஒரு தாள். இரட்டைத்தலைப் பட்சி. பெட்டியில் இருந்ததிலேயே அழகானது அதுதான் என்பது என் எண்ணம். அதை எந்தக் கட்டிலும் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார். "அது என்னுது இல்லடா." அவரோடு சேர்ந்து தொழில் பழகிய சிநேகிதர் போட்டது, எப்போதோ இரவல் வாங்கி வந்தது. சிநேகிதர் காலமாகிவிட்டார். அவர் மகள் மானாமதுரையில் இருக்கிறார். ரயிலில் போனால் அரை மணி நேரம். தாளைக் கையில் கொடுத்து, விளையாட்டைக் காட்டி, மாட்டலாமா வேண்டாமா என்று அவரிடமே கேட்க வேண்டுமாம். பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் கூடத்தின் தெற்குச் சுவரில் எட்டுச் சட்டம் காலியாகத் தொங்கும்.